காலி பண்ணாமல் கட்டிய வீடு

"இதுல ஒண்ணே ஒண்ணு கயட்டு டீச்சர்,
ஓடுதான்னு பாப்போம்" என்றார் சந்தியாகு.
காசிமேட்டில் கரையேற்றிய விசைப்படகு,
அதன் வயிற்றுக்குள் அவர்,
முழங்கை வரை கிரீஸ்,
விரலிடுக்கில் ஒரு நாசில்.
"இது இல்லன்னா எஞ்சின் இல்ல.
எஞ்சின் இல்லன்னா போட்டு இல்ல.
கண்ணு மட்டும் கொஞ்சங் கொஞ்சமா வந்துச்சின்றியா?
பாதிக் கண்ண வெச்சிக்கினு
ஒரு மீனு இன்னா பண்ணும்?"

அவர் மகள் ரெஜினாவுக்கு
பத்தாம் வகுப்பு அறிவியல் ட்யூஷன்.
பரிணாமம் நடத்திய மறுநாள்
ஃபீஸ் வாங்கப் போயிருந்தேன்.
பணத்தை எண்ணித் தந்தார்.
கேள்விக்குத்தான் என்னிடம் சில்லறை இல்லை.

கொருக்குப்பேட்டை கேட் மூடிக் கிடந்தது.
சரக்கு ரயில் போகும்வரை
ஷேர் ஆட்டோவில் எங்கள் வீட்டை நினைத்தேன்.

முதலில் அது ஒரு தார்ப்பாய்.
வெயிலுக்குப் போதும், மழைக்குப் போதாது.
அப்புறம் ஓலை.
ஓலை எரிந்தபின் ஆஸ்பெஸ்டாஸ்,
அதைத் தாங்க மண்சுவர்.
மண்சுவரை ஒட்டிச் செங்கல்.
ஒருநாளும் நாங்கள் காலி பண்ணவில்லை.
சுவர் எழும்பும்போதே உள்ளே சோறு வெந்தது.
பூச்சு காயாத ஒரு ராத்திரியில்
தங்கச்சி பிறந்தாள்.
இடித்துவிட்டு, நல்ல பிளான் போட்டு,
ஆறு மாசம் கழித்துக் குடிவரலாமே என்று
வசதியுள்ளவர்கள் சொல்வார்கள்.
அந்த ஆறு மாசம் எங்கே படுப்பது?

தளம் போட்டபோது
மண்சுவர்தான் முட்டுக் கொடுத்தது.
கான்கிரீட் இறுகியதும் அதை வெட்டி
கூடையில் அள்ளித் தெருப்பள்ளத்தில் கொட்டினோம்.
இப்போது தளம் உத்திரத்தை நம்பி,
உத்திரம் தூணை நம்பி.
எதை எடுத்தாலும் விழும், நிஜம்தான்.
விழும் என்பதாலேயே
எல்லாம் ஒரே நாளில் வந்ததாகிவிடுமா?
கொட்டிய மண்ணை
யாரும் கணக்கில் சேர்ப்பதில்லை.

டிவி ஆன்டெனாவுக்கு நட்ட கம்பி
இன்று தண்ணீர்த் தொட்டிக்குக் கால்.
நட்ட அன்று
தொட்டியை யார் கண்டது?

இன்னொன்றும் உண்டு.
ரோடு போடுகிறவர்கள் பழையதைச் சுரண்டுவதில்லை.
ரோடு ஏற ஏற, வெள்ளத்துக்குப் பயந்து
எங்கள் தரையும் ஏறியது.
நிலைப்படியின் தலை ஏறவில்லை.
வருகிற உறவெல்லாம்
நெற்றியில் இடித்துக்கொண்டுதான் உட்காரும்.
எந்த எஞ்சினியரும் இப்படி வரையமாட்டான்.
கண்ணுக்குள்ளும் அப்படி ஓர் இடி.
நரம்பெல்லாம் வெளிச்சத்துக்குக் குறுக்கே ஓடி
ஓர் ஓட்டை வழியே பின்னால் போகிறது.
அந்த ஓட்டையளவு
நாம் எல்லோரும் குருடு.

இதையெல்லாம் கோர்த்துச் சொல்லலாம் என்று
அடுத்த மாதம் போனேன்.
சொல்லத் தொடங்குமுன்
மேலே கப்பியில் தொங்கிய மரத்துண்டு
கயிறு நழுவி வீசி வந்தது,
அவருடைய இடப்பக்கம்.
வெல்டிங் பொறி தின்ற பக்கம்.
அந்தக் கண்ணுக்கு வெளிச்சமும் நிழலும் தவிர
எதுவும் தெரியாது.
நான் கத்துவதற்குள் குனிந்துவிட்டார்.

"எப்படிப் பாத்தீங்க?"

"எங்க பாத்தேன். இருட்டிச்சி. குனிஞ்சேன்."

நாங்கள் இருவரும்
கொஞ்ச நேரம் பேசவில்லை.
ஐஸ் வண்டி ஒன்று
சொட்டிக்கொண்டே போனது.

"அதுக்கோசரம் எஞ்சினு ஓடிடாது"
என்றார் கடைசியில்.
பிறகு படகைத் தட்டிப் பார்த்து,
"இது கரையில நிக்குது, பிரிச்சி மேயலாம்.
மீனு நிக்காதுல்ல. துன்னுக்கினே,
ஓடிக்கினேதான் மாறணும் அது."

எல்லாப் படிக்கும் எனக்கும் விடை தெரியாது.
சில படிகளின் மண்
எங்கே கொட்டப்பட்டதோ.
அதையும் சொன்னேன்.
தலையாட்டினார்.
சட்டைப் பையில் கைவிட்டு,
"டீச்சர், இந்த மாசம் பாதிதான் கீது.
பாதின்னா பரவால்லியா?"

வாங்கிக்கொண்டேன்.
பாதியும் பணம்தான்.